கண்ணீர்ப்பை அறுவை: மரத்துப்போகும் ஊசியா, முழு மயக்கமா?

அம்மாவின் வலது கண்ணிலிருந்து இரண்டு வருடங்களாக நீர் வடிந்துகொண்டிருந்தது. மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் அழுத்தினால் சீழ் எட்டிப்பார்க்கும் நிலைக்கு வந்த பிறகுதான் நாங்கள் அறுவைக்கு ஒப்புக்கொண்டோம். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் அந்த அறுவைக்கு மூன்று தேதிகள் வாங்க வேண்டியிருந்தது. முதல் இரண்டும் அன்று காலையிலேயே ரத்தாயின. முதல் முறை, “ஊசி போட்டுத்தான் செய்வாங்க” என்று பதிவு மேசையில் சொன்னதை நம்பி, விடியற்காலையில் அம்மாவுக்குக் காப்பி கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம். போய்ப் பார்த்தால் முழு மயக்கப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. இரண்டாம் முறை, ஈ.சி.ஜி. சரியில்லை என்று மரத்துப்போகும் ஊசிக்கு மாற்றியிருந்தார்கள். ஆனால் இரத்தப் போக்கைக் கூட்டும் ஆஸ்பிரினை அம்மா தினமும் சாப்பிடுகிறார் என்பதை அதுவரை யாரும் கேட்கவுமில்லை, நாங்கள் சொல்லவுமில்லை.

எந்த மயக்க முறை என்பதைக் கேட்டு முடிவு செய்யாமல் தேதியை மட்டும் வாங்கியதே இரண்டு ரத்துகளுக்கும் காரணம். பட்டினி நேரம், பரிசோதனைகள், நிறுத்த வேண்டிய மாத்திரைகள், மருத்துவமனையில் தங்கும் நாள், கட்டும் பணம் ஆகிய அனைத்தும் அந்த ஒரு முடிவையொட்டியே மாறுகின்றன. நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்ல. நோயாளியின் மகனாக வரிசையில் நின்று தெரிந்துகொண்டதையும், பிறகு மருத்துவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டதையும் எழுதுகிறேன். முடிவு உங்கள் மருத்துவருடையது. கேள்விகளோடு போவது உங்கள் பொறுப்பு.

1. அறுவையின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்

“கண்ணீர்க் குழாய் அடைப்பு, ஆபரேஷன் பண்ணணும்” என்பதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். அடைப்பு எங்கே என்பதை, இமையோரத்திலுள்ள சிறு துளை வழியாக உப்புநீரைச் செலுத்திப் பார்க்கும் ‘சிரிஞ்சிங்’ சோதனையில் கண்டுபிடிப்பார்கள். நீர் தொண்டைக்கு இறங்கினால் பாதை திறந்திருக்கிறது. சீழோடு திரும்பி வந்தால் கீழே அடைப்பு இருக்கிறது என்று பொருள்.

அதன்பின் சொல்லப்படும் அறுவை பெரும்பாலும் இவற்றுள் ஒன்றாக இருக்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே தோலைக் கீறி, சிறிதளவு எலும்பை அகற்றி, கண்ணீர்ப்பையை நேராக மூக்குக்குள் திறந்துவிடுவது டி.சி.ஆர். அதையே தோலில் கீறல் இல்லாமல் மூக்கின் வழியாகக் கேமரா வைத்துச் செய்வது எண்டோஸ்கோப்பிக் டி.சி.ஆர். பையை முழுவதுமாக எடுத்துவிடுவது டி.சி.டி.; மிகவும் முதியவர்களுக்கும் நீண்ட அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கும் இதைச் சொல்வார்கள். இதில் எலும்பை உடைக்கும் வேலை இல்லாததால் நேரம் குறைவு, மரத்துப்போகும் ஊசியே பெரும்பாலும் போதும். ஆனால் சீழ் நிற்குமே தவிர நீர் வடிவது நிற்காது. இந்த வேறுபாட்டை முன்பே புரிந்துகொள்ளாமல், அறுவைக்குப் பிறகும் கண்ணில் நீர் வருகிறது என்று மருத்துவரோடு சண்டைக்குப் போனவர்களை நான் காத்திருப்புக் கூடத்தில் பார்த்திருக்கிறேன். குழந்தைகளுக்குக் கம்பி செலுத்தி அடைப்பைத் திறப்பது புரோபிங்.

உள்மூலை சிவந்து வீங்கி வலித்தால் அன்றே தேதி கேட்காதீர்கள். முதலில் ஆன்டிபயாட்டிக் கொடுத்து வீக்கத்தை வடியவைப்பார்கள். சீழ் கட்டியிருக்கும் இடத்தில் மரத்துப்போகும் மருந்து சரியாக வேலை செய்யாது என்பதும் இதற்கு ஒரு காரணம்.

பெரிய கண் மருத்துவமனைகளில் இமை, கண்ணீர்ப்பைக்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் ஆக்குலோபிளாஸ்டி பிரிவு என்று கேட்டால் வழிகாட்டுவார்கள். சென்னையில் அரசு மருத்துவமனையை நாடுபவர்களுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது.

2. இரண்டு முறைகளிலும் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். எங்கள் உறவினர்கள் அத்தனை பேரும் “முதுகில் போடுற ஊசியா?” என்றே கேட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைக்கும் அந்த ஊசிக்கு இந்த அறுவையில் வேலையே இல்லை.

மரத்துப்போகும் ஊசி முறையில், முதலில் மூக்குத் துவாரத்துக்குள் மருந்தில் நனைத்த நாடாத்துணியை அடைப்பார்கள். அதில் மரத்துப்போகும் லிக்னோகெய்னும், இரத்தக் குழாய்களைச் சுருங்கவைக்கும் மருந்தும் இருக்கும். பிறகு கண்ணின் உள்மூலைக்கு மேலும், கன்னத்தின் மேற்பகுதியிலும், கீறப்போகும் இடத்திலும் ஊசி போடுவார்கள். வலிப்பது பெரும்பாலும் அந்த ஊசிகள்தாம். மருந்து உள்ளே போகும்போது எரிச்சலாக இருக்கும், சில நிமிடங்களில் கன்னமும் மூக்கின் பக்கவாட்டும் மரத்துவிடும். கையில் ஏற்றிய ஊசி வழியாகப் பதற்றம் குறைக்கும் மருந்து சிறிதளவு கொடுப்பதும் உண்டு. அதை ஆழமாகக் கொடுக்க மாட்டார்கள். தொண்டைக்கு இறங்கும் இரத்தத்தை நோயாளி தானே விழுங்கவோ துப்பவோ முடிய வேண்டும் அல்லவா?

தோல் மரத்துவிடும், காது மரக்காது. யாரும் எங்களிடம் சொல்லாமல் விட்ட பெரிய செய்தி இது. எலும்பைச் சிறுசிறு துணுக்குகளாகக் கடித்தெடுக்கும் கருவியின் ஓசை தலைக்குள்ளேயே கேட்கும். அம்மா அதை இப்படிச் சொன்னார்: “வறுத்த கடலையை நாம கடிச்சா காதுக்குள்ள நறுக்குனு கேட்குமே, அதே மாதிரி, ஆனா கடிக்கிறது வேற யாரோ.” பதினோரு முறை வரை எண்ணியிருக்கிறார், அதன்பின் எண்ணிக்கை தவறிவிட்டதாம். வலிக்கவே இல்லை, யாரோ கட்டைவிரலால் மூக்கை அழுத்துவதுபோல் மட்டும் இருந்தது என்றார். முகம் முழுவதும் பச்சைத் துணி மூடியிருக்கும், உள்ளே ஆக்சிஜன் குழாய் இருக்கும், தொண்டையில் உப்புக்கரித்தபடி ஏதோ இறங்கும், தலையை அசைக்கக் கூடாது. இவற்றை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பெரும்பாலான பெரியவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். சொல்லாமல் அனுப்பினால் முதல் ‘நறுக்’கிலேயே துடித்துவிடுவார்கள்.

முழு மயக்கத்தில், கையில் ஏற்றும் மருந்தோடு நினைவு போய்விடும். மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செலுத்தி, இரத்தம் உள்ளே இறங்காதபடி தொண்டையைத் துணியால் அடைத்துவிடுவார்கள். நோயாளிக்கு எதுவும் தெரியாது, மருத்துவருக்கும் அவசரமில்லை. கண் விழித்த பிறகு தொண்டை வலி, குமட்டல், நடுக்கம் ஆகியவை சிலருக்கு வரும். முதியவர்களில் சிலர் ஓரிரு நாள் குழம்பிய பேச்சு பேசுவதும், வயதான ஆண்களுக்குச் சிறுநீர் பிரியாமல் கட்டிக்கொள்வதும் உண்டு.

இரத்தப் போக்கைப் பற்றியும் கேளுங்கள். மூக்கின் உட்பகுதி இரத்தக் குழாய்கள் நிறைந்த இடம். மரத்துப்போகும் ஊசியோடு கலக்கும் அட்ரினலின் அந்தக் குழாய்களைச் சுருக்குகிறது; முழு மயக்கத்தில் பயன்படும் சில வாயுக்களோ அவற்றை விரிவடையச் செய்கின்றன. அதனால்தான் முழு மயக்கத்திலும் அதே ஊசியைப் போடுகிறார்கள், தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைக்கிறார்கள்.

3. வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள்

மூன்றாம் தேதிக்கு முன்பு மயக்க மருத்துவர் ஒருவர் சொல்லித் தந்த வழி இது. எங்களுக்கு மிகவும் பயன்பட்டது. நோயாளியை மெல்லிய தலையணையோடு மல்லாந்து படுக்கவைத்து, முகத்தின்மேல் மெல்லிய துண்டைத் தளர்வாகப் போட்டு, ஒரு மணி நேரம் அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். அருகிலேயே உட்கார்ந்திருங்கள், மூச்சு முட்டுகிறது என்றால் உடனே எடுத்துவிடுங்கள்.

அம்மா கூடத்துக் கட்டிலில் படுத்தார். பதினைந்தாவது நிமிடத்தில் மூக்கு அரிக்கிறது என்றார், இருபதாவது நிமிடத்தில் ஒரு முறை இருமினார், அதன்பின் லேசாகக் குறட்டையே விட்டார். அதைச் சொன்னதும், மரத்துப்போகும் ஊசிக்கு ஏற்றவர் என்று மருத்துவர் தயங்காமல் எழுதிவிட்டார். அதே சோதனையில் எங்கள் பெரியப்பா ஆறாவது நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும், அவருக்கு ஆஸ்துமா.

பொதுவாக, படுத்தால் மூச்சு வாங்குபவர்கள், இடைவிடாத இருமல் உள்ளவர்கள், தலையோ கையோ நடுங்குபவர்கள், மறதி நோய் உள்ளவர்கள், காது கேளாமையால் மருத்துவர் சொல்வதைப் பின்பற்ற முடியாதவர்கள், அளவுகடந்த பயம் உள்ளவர்கள் ஆகியோருக்கு முழு மயக்கத்தையே யோசிப்பார்கள். முன்பு செய்து தோல்வியடைந்த அறுவையை மீண்டும் செய்வது, விபத்தில் மூக்கெலும்பு நொறுங்கியிருப்பது, இரண்டு கண்ணுக்கும் ஒரே நாளில் செய்வது போன்றவை நேரம் பிடிக்கும் என்பதால் அவற்றுக்கும் முழு மயக்கம் வசதியானது. எண்டோஸ்கோப்பி முறையை இரண்டு விதமாகவும் செய்ய முடியும். பல மருத்துவர்கள் முழு மயக்கத்தையே விரும்புகிறார்கள். உங்கள் மருத்துவருக்கு எது கைவந்த முறை என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இதய நோய், நுரையீரல் நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு முழு மயக்கத்தின் ஆபத்து கூடுதல் என்பதால், படுக்க முடிந்தவரை மரத்துப்போகும் ஊசியின் பக்கமே சாய்வார்கள். இதய நோயாளிக்கு அட்ரினலின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம் என்பதால், ‘ஊசிதானே’ என்று எண்ணி இதயப் பிரச்சினையைச் சொல்லாமல் விடாதீர்கள்.

ஓர் இடைச்செருகல்: “பல் பிடுங்கும்போது போட்ட ஊசி எனக்கு அலர்ஜி, நெஞ்சு படபடத்தது” என்று பலர் சொல்வார்கள். அது பெரும்பாலும் அட்ரினலினால் வந்த படபடப்பே. உண்மையான ஒவ்வாமையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நீங்கள் நடந்ததை நடந்தபடி, தடிப்பு வந்ததா, மூச்சுத் திணறியதா, எவ்வளவு நேரம் இருந்தது என்று சொன்னால் போதும்.

குழந்தைகளுக்கு இந்தத் தேர்வே இல்லை. அசையாமல் படுக்கச் சொல்ல முடியாது என்பதால் அறுவை அரங்கில் செய்யும் புரோபிங்குக்கும் டி.சி.ஆருக்கும் முழு மயக்கமே. பிறவியிலேயே வரும் அடைப்பு, உள்மூலையை மேலிருந்து கீழாக அழுத்தித் தடவிவிடும் பயிற்சியால் பெரும்பாலும் முதல் பிறந்தநாளுக்குள் தானாகத் திறந்துவிடுகிறது என்பதால், எட்டு மாதக் குழந்தைக்கு உடனே தேதி கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். சளியோ காய்ச்சலோ இருந்தால் மறைக்காமல் சொல்லித் தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

4. மயக்க மருத்துவரிடம் போகும் பையைத் தயார் செய்யுங்கள்

அறுவை மருத்துவரைப் பார்த்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பது பெரிய தவறு. மயக்க மருத்துவரைத் தேதிக்கு முன்பே, முடிந்தால் ஒரு வாரம் முன்னதாகவே, பார்த்துவிட வேண்டும். மரத்துப்போகும் ஊசியே ஆனாலும் பாருங்கள். நடுவில் தாங்க முடியாமல் போனால் முழு மயக்கத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

பையில் இருக்க வேண்டியவை: இதுவரை நடந்த அறுவைகளின் டிஸ்சார்ஜ் சம்மரிகள், தற்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், அதாவது பெயரெழுதிய காகிதமாக இல்லாமல் அட்டைகளே, நாட்டு மருந்து, சத்து மாத்திரை எதுவாயினும் அதுவும், ஆதார் நகல், காப்பீட்டு அட்டை, பழைய ஓ.பி. சீட்டு. இரவில் பலமாகக் குறட்டை விடுவது, ஆடும் பல், கழற்றும் பல்செட், புகைப்பழக்கம், குடும்பத்தில் யாருக்கேனும் மயக்க மருந்தால் ஏற்பட்ட சிக்கல் ஆகியவற்றைக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பரிசோதனைகளில் இரத்த எண்ணிக்கை, சர்க்கரை, இரத்தம் உறையும் நேரம், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் ஆகியவை இரண்டு முறைக்கும் வழக்கமாகக் கேட்கப்படுபவை. வயதையும் நோயையும் பொறுத்து ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, சிறுநீரகப் பரிசோதனை, இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ ஆகியவை சேரும். முழு மயக்கம் என்றால் இவை பெரும்பாலும் தவிர்க்க முடியாதவை. மூக்குத் தண்டு வளைந்திருக்கிறதா, சதை வளர்ந்திருக்கிறதா என்று காது, மூக்கு, தொண்டை மருத்துவரும் பார்ப்பார். எக்கோவில் ஏதேனும் தெரிந்தால் இதய மருத்துவரின் ஃபிட்னஸ் கடிதம் கேட்பார்கள், அதற்கே தனியாக ஒரு வாரம் போய்விடும். பரிசோதனை முடிவுகள் எத்தனை நாள் வரை செல்லும் என்பதைக் கேட்டுக்கொண்டு எடுங்கள். எங்கள் தேதி இரண்டு முறை தள்ளிப்போனதால், இரத்தப் பரிசோதனைக்கு 2,800 ரூபாய் மறுபடியும் கட்டினோம்.

5. மாத்திரைகளுக்கு ஓர் அட்டவணை எழுதி வாங்குங்கள்

எங்கள் இரண்டாம் தேதி இங்கேதான் கவிழ்ந்தது. அம்மாவுக்குச் சில வருடங்களுக்கு முன்பு லேசான நெஞ்சுவலி வந்தபோது எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை அவர் ‘இரத்த மாத்திரை’ என்றே சொல்வார். “இரத்தம் மெலிய ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்று செவிலியர் அறுவை அரங்கின் வாசலில் கேட்டபோது “இல்லை” என்று சொல்லிவிட்டு, “இரத்த மாத்திரைதான் சாப்பிடுறேன்” என்று சேர்த்தார். அதோடு தள்ளுவண்டி திரும்பியது.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்றவை இரத்தத் தட்டணுக்களை நாள்கணக்கில் செயலிழக்க வைப்பவை. முதல்நாள் நிறுத்தினால் பயனில்லை. பொதுவாக 5 முதல் 7 நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் அண்மையில் இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு நிறுத்துவதே உயிருக்கு ஆபத்து. ஆகவே கண் மருத்துவர் சொன்னாலும், அந்த மாத்திரையை எழுதிய இதய மருத்துவரிடம் “நிறுத்தலாம்” என்று கையெழுத்தோடு வாங்கிய பிறகே நிறுத்துங்கள். எப்போது மீண்டும் தொடங்குவது என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவைப் பார்த்துத் தேதி முடிவாகும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகளும் இரத்தப் போக்கைக் கூட்டுபவையே.

சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் பட்டினி இருக்கும் காலையில் வழக்கம்போல் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளை 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். இது பலருக்குத் தெரிவதில்லை. தைராய்டு மாத்திரையையும் பெரும்பாலான இரத்த அழுத்த மாத்திரைகளையும் ஒரு மிடறு தண்ணீரோடு காலையில் போடச் சொல்வார்கள். இரத்த அழுத்த மாத்திரைகளில் சில வகைகளை மட்டும் அன்று விடச் சொல்வார்கள். எது எது என்று ஒவ்வொரு மாத்திரைக்கும் எதிரே குறித்து வாங்குங்கள்.

6. செலவையும் காப்பீட்டையும் தேதிக்கு முன்பே முடியுங்கள்

எங்களுக்குத் தந்த மதிப்பீட்டுத் தாளில் மரத்துப்போகும் ஊசி என்றால் 34,000 ரூபாய், முழு மயக்கம் என்றால் 49,000 ரூபாய் என்று இருந்தது. மயக்க மருத்துவரின் கட்டணம், மயக்க மருந்துகள், ஓர் இரவு அறை வாடகை ஆகியவற்றால் வந்த வேறுபாடு அது. உங்கள் ஊரில் தொகை மாறும். ஆனால் எதனால் கூடுகிறது என்பது மாறாது. திறந்த பாதை மூடிக்கொள்ளாமல் இருக்கச் சிலிக்கான் குழாய் வைப்பார்களா, அது தொகுப்பில் அடங்குமா, எண்டோஸ்கோப்பிக்குத் தனிக் கட்டணமா, தையல் பிரிக்கவும் குழாய் எடுக்கவும் பிறகு வரும்போது பணம் உண்டா என்று நான்கையும் கேளுங்கள். 15,000 மிச்சமாகிறது என்பதற்காக, படுக்க முடியாதவரை மரத்துப்போகும் ஊசிக்குத் தள்ளாதீர்கள்; பாதியில் மாற்றினால் இரண்டு செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலரில் தொடங்கிப் பல படிகளைக் கடந்து வரும் என்பதால், அதை முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். உங்கள் அறுவை அந்த மருத்துவமனையில் அந்தத் திட்டத்தின்கீழ் வருகிறதா என்பதைக் காப்பீட்டு மேசையில் கேட்டு, ஒப்புதல் வந்த பிறகே அட்மிஷன் போடுங்கள்.

தனியார் காப்பீட்டில் இரண்டு வலைகள் உண்டு. மரத்துப்போகும் ஊசியில் செய்து அன்றே வீடு திரும்பினால் 24 மணி நேரம் தங்கவில்லை என்ற கேள்வி எழும். உங்கள் பாலிசியின் பகல்நேரச் சிகிச்சைப் பட்டியலில் இந்த அறுவை இருக்கிறதா என்று பாருங்கள். பல பாலிசிகளில் குறிப்பிட்ட சில அறுவைகளுக்குத் தொடக்கக் காத்திருப்புக் காலம் உண்டு என்பதால் அதையும் படியுங்கள். கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு 1 மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு 3 மணி நேரத்துக்குள்ளும் பதில் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் உத்தரவிட்டிருக்கிறது. தாமதமானால் மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் இதை நினைவூட்டலாம். விண்ணப்பத்தில் மயக்க முறை சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் பழையதே இருந்தது, திருத்துவதற்கு அரை நாள் ஆனது.

7. முதல் நாளும் அன்று காலையும்

முழு மயக்கத்துக்கு வழக்கமான கணக்கு இது: எண்ணெய்ப் பலகாரம், கறி போன்ற கனமான உணவு என்றால் 8 மணி நேரம் முன்பு, இட்லி போன்ற எளிய உணவு என்றால் 6 மணி நேரம் முன்பு, வெறும் தண்ணீர் என்றால் 2 மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும். தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம். பால் கலந்த காப்பி தண்ணீர்க் கணக்கில் சேராது. உணவுக் கணக்கில் சேரும், அதாவது 6 மணி நேரம். ஐந்து மணிக்கு நாங்கள் கொடுத்த அந்த அரை டம்ளர் காப்பிக்காக எட்டு மணி அறுவையை ரத்து செய்ததில் மருத்துவர் பக்கம் தவறே இல்லை. மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மரத்துப்போகும் ஊசி என்றால் சில இடங்களில் லேசாகச் சாப்பிடச் சொல்வார்கள், பதற்றம் குறைக்கும் மருந்து கொடுக்கும் இடங்களில் பட்டினி இருக்கச் சொல்வார்கள். எனவே பதிவு மேசையில் கேட்காமல், மயக்க மருத்துவரின் கையெழுத்துள்ள தாளில் மணியைக் குறித்து வாங்குங்கள். சர்க்கரை நோயாளி என்றால் அன்றைய முதல் ஆளாகப் போடும்படி கேட்கலாம்.

மூக்குத்தியை மறந்துவிடாதீர்கள். அறுவை நடப்பது மூக்கில். அம்மா நாற்பது வருடமாகக் கழற்றாத மூக்குத்தி அது; திருகாணி இறுகி, சோப்பும் தேங்காய் எண்ணெயும் போட்டுப் பார்த்தும் அசையவில்லை. முதல் நாள் மாலை ஆசாரி கடைக்குக் கூட்டிப்போனோம். அவர் சிறு கத்தரியால் திருகை வெட்டி எடுத்து, இரண்டு துண்டுகளையும் ரோஸ் தாளில் மடித்துக் கொடுத்தார். இதை அறுவை அன்று காலையில் செய்ய முயன்றால் மூக்கு வீங்கி, அதற்காகவே தேதி தள்ளிப்போகும். கம்மல், வளையல், பல்செட், நகப்பூச்சு ஆகியவையும் கூடாது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி நகப்பூச்சின் மேல் சரியாகக் காட்டாது.

ஒப்புதல் படிவம் அறுவைக்கு ஒன்று, மயக்கத்துக்கு ஒன்று என இரண்டு இருக்கும். இரண்டிலும் எந்தக் கண், எந்த மயக்க முறை, தேவைப்பட்டால் முழு மயக்கத்துக்கு மாற்றச் சம்மதமா என்ற மூன்றையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். தமிழில் படிவம் கேட்டால் தருவார்கள்.

8. அறுவைக்குப் பிறகு

மரத்துப்போகும் ஊசியில் செய்தவர்கள் பெரும்பாலும் அன்று மாலையே வீடு திரும்பலாம். சில மணி நேரம் பார்வை மங்கலாகவோ இரண்டாகவோ தெரிந்தால் பயப்பட வேண்டாம். மருந்தின் வீரியம் இறங்கினால் சரியாகிவிடும். அதே நேரத்தில் வலியும் தொடங்கும் என்பதால், அதற்கு முன்பே வலி மாத்திரையைக் கேட்டுப் போட்டுவிடுங்கள். முழு மயக்கத்தில் செய்தவர்களுக்கு ஓர் இரவு தங்கல் பெரும்பாலும் உண்டு. விழுங்கிய இரத்தத்தைக் காப்பித்தூள் நிறத்தில் ஒரு முறை வாந்தி எடுப்பதுண்டு. தொடர்ந்து எடுத்தால் செவிலியரிடம் சொல்லுங்கள். முழு மயக்கமோ தூக்க மருந்தோ கொடுத்திருந்தால் 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, பத்திரங்களில் கையெழுத்திடக் கூடாது.

மூக்கில் வைத்த துணியை மறுநாள் எடுப்பார்கள். அதுவரை வாயால் மூச்சுவிட வேண்டியிருப்பதால் உதடு வறண்டுபோகும். அதன்பின் இரண்டு வாரம் வரை மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்தபடி தும்ம வேண்டும். முதல் ஓரிரு நாள் ஆவி பறக்கும் காப்பியும் சூடான ரசமும் வேண்டாம், ஆறவைத்துக் கொடுங்கள். இரண்டு தலையணை வைத்துப் படுக்கட்டும். எச்சிலில் இரத்தக் கசிவு சிறிது இருக்கும். மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக நிற்காமல் வந்தால், பார்வை திடீரென்று குறைந்தால், கண் பிதுங்கி வலித்தால் நள்ளிரவானாலும் கிளம்பிவிடுங்கள். வெளிக் கீறலுக்குத் தையல் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பிரிக்கப்படும்.

சிலிக்கான் குழாய் வைத்திருந்தால் 6 வாரத்திலிருந்து 3 மாதத்துக்குள் எடுப்பார்கள். உள்மூலையில் மெல்லிய நூல்போலத் தெரியும் அதை விரலால் இழுத்துப் பார்க்கக் கூடாது. குழாய் எடுக்கும் தேதியைச் சொன்னதும் அம்மா முதலில் கேட்டது, “மறுபடியும் மயக்கமா?” என்பதே. பெரியவர்களுக்கு அது ஓ.பி. அறையிலேயே, சொட்டு மருந்து விட்டு, மூக்கில் மருந்து தெளித்து, ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். குழந்தைகளுக்கு மட்டும் லேசான மயக்கம் தேவைப்படலாம். பெரியவர்களுக்குப் பட்டினியும் வேண்டாம். அன்று அம்மாவை நான் காப்பி கொடுத்தே கூட்டிப்போனேன்.